சேர்ந்து வாங்கிய கடனில் பிரிந்துபோனவரின் பங்கைத் திரும்ப வாங்குவது எப்படி

காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. கணவரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட 6 லட்ச ரூபாய்க் கடனை, அவர் பிரிந்துபோன பிறகு நான் ஒருத்தியே கட்டி முடித்தேன். அப்புறம் அவர் பங்கை அவரிடமிருந்து வாங்கினேன். அது தெரிந்து கோட்டையூர், தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து ஐந்தாறு பேர் பையில் பாஸ்புக்கோடு வீட்டுக்கு வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருந்தார்கள். வங்கிக்கு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார்கள். கட்டியதைப் பிரிந்தவருக்கு ஒரு வரி எழுதிக்கூடத் தெரிவிக்கவில்லை.

வங்கிக்கு நீங்கள் பட்ட கடன் ஒரு பேரேடு, அவர் உங்களுக்குப் பட்ட கடன் இன்னொரு பேரேடு. முதலாவதை வங்கி எழுதிக்கொள்ளும். இரண்டாவதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் பெண் என்பதால் ‘அவர்’ என்று கணவரைச் சொல்கிறேன். மனைவியிடம் கேட்க வேண்டிய ஆண்களுக்கும் வழி இதுதான்.

1. முதலில் சேர்க்க வேண்டிய தாள்கள்

கடன் அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்த நகல், தவணை அட்டவணை, கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், தவணை போன சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட். இந்த ஐந்தும் இல்லாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள்.

ஒப்பந்த நகலை நான் கேட்டபோது, “அதெல்லாம் ஹெட் ஆபீஸில் இருக்கும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாயால் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். கடன் வாங்கியவருக்கு ஒப்பந்த நகல் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. எனக்கு ஒன்பதாம் நாள் வந்தது.

ஸ்டேட்மென்டைச் சான்றளித்த நகலாகவே வாங்குங்கள். வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891-இன்படி சான்றளித்த நகலுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. கணினியில் எடுத்த வெறும் தாளைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்தே வாதத்தைத் தொடங்குவார்.

2. ஒப்பந்தத்தில் நீங்கள் யார்?

இதைப் பார்க்காமல் பாதி கேட்பதா, முழுவதும் கேட்பதா என்று முடிவு செய்ய முடியாது.

இருவரும் கடன்தாரர் என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 43-ஆவது பிரிவு உங்களுக்கானது. வங்கி முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். நீங்கள் கட்டிவிட்டு, மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்கலாம். வேறு ஏற்பாடு இருந்ததாகத் தெரியாத வரை பங்கு சரிபாதி.

கடன் அவருடையது, நீங்கள் ஜாமீன் மட்டும் என்றால் பாதியோடு நிற்க வேண்டாம். ஜாமீன்தாரராக முறைப்படி கட்டியது முழுவதையும் கடன்தாரரிடம் கேட்க அதே சட்டத்தின் 145-ஆவது பிரிவு இடம் தருகிறது. தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு தங்கை, தான் ஜாமீன் என்பதே தெரியாமல் ஒரு வருடமாகப் பாதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வகை நம் ஊரில் அதிகம். நகை பெண்ணுடையது, அடகு கணவர் பெயரில். ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்ற நீங்கள் கட்டினால், அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி அந்தத் தொகையை அவரிடம் கேட்கலாம். அவர் கட்ட வேண்டியதை, உங்கள் நலனைக் காக்க நீங்கள் கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. இதில் ஒரு பொறி இருக்கிறது. பணத்தை நீங்கள் கட்டினாலும், நகையை அடகு வைத்தவர் கையில்தான் கொடுப்பார்கள். அவருடைய அதிகாரக் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

வீட்டுக் கடனாக இருந்து, வீடும் இருவர் பெயரில் இருந்தால், தவணையை மட்டும் தனியே பிரித்துக் கேட்காதீர்கள். வீட்டில் யாருக்கு எவ்வளவு என்பதோடு சேர்த்துத்தான் அது தீரும். அந்த வகை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

3. தவணையை நிறுத்தாதீர்கள், போகும் வழியை மாற்றுங்கள்

“அவர் கட்டாதபோது நான் மட்டும் ஏன் கட்டணும்?” என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வங்கிக்கு அதில் அக்கறை இல்லை. விவாகரத்துத் தீர்ப்பே வந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் அறிக்கையில் இருவருக்கும் கறை விழும். அடுத்து உங்கள் பெயரில் நகைக்கடனைத் தவிர வேறு எதுவும் எழும்பாது.

எனவே கட்டுங்கள். ஆனால் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கிலிருந்து கட்டுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து போனால், அதில் இருந்தது யார் பணம் என்ற வாக்குவாதம் முடியவே முடியாது. தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். கையில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுவது இன்னும் மோசம். சலானில் யார் பெயர் எழுதினீர்கள் என்று மூன்று வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

அதே நாளில் கூட்டு ஓவர் டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி), கூடுதல் கிரெடிட் கார்டு ஏதாவது இருந்தால் மூடச் சொல்லுங்கள். பழைய கடனுக்கு வழி தேடும்போது புதுக்கடன் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

4. கணக்கை ஒரே தாளில் கொண்டுவருதல்

வந்தவர்கள் பெரும்பாலும் சொன்ன கணக்கு இதுதான்: “அவர் போன பிறகு நான் கட்டியதில் பாதி.” அது தவறு. சில சமயம் உங்களுக்கு நஷ்டம், சில சமயம் அவருக்கு நஷ்டம். எப்படியானாலும் முதல் விசாரணையிலேயே உடைந்துவிடும். கடனின் முதல் தவணையிலிருந்து எடுக்க வேண்டும்.

என் கணக்கையே காட்டுகிறேன். 6 லட்சம், 12 சதவீதம், 60 மாதம். தவணை 13,347 ரூபாய். அவர் பிரிந்தது 22-ஆவது தவணைக்குப் பிறகு. அந்த 22-இல் அவர் கணக்கிலிருந்து போனவை 13, என் கணக்கிலிருந்து 9. மீதி 38-ஐயும் நான் கட்டினேன்.

மொத்தம் 60 தவணைக்கு 8,00,820 ரூபாய். ஆளுக்குப் பாதி 4,00,410. அவர் கட்டிய 13 தவணை 1,73,511. ஆக அவர் பங்கில் நிலுவை 2,26,899. என் பக்கத்திலிருந்து சரிபார்த்தால், நான் கட்டிய 47 தவணை 6,27,309. அதில் என் பங்கைக் கழித்தாலும் அதே 2,26,899. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால்தான் கணக்கு நேராயிற்று. “போன பிறகு கட்டியதில் பாதி” என்று நான் கேட்டிருந்தால் 2,53,593 என்று கேட்டிருப்பேன். அவர் வக்கீல் அந்த 13 தவணையை எடுத்துக் காட்டியதும் என் பேச்சு மொத்தமும் பொய் மாதிரி ஆகியிருக்கும்.

தாமதக் கட்டணம், அபராத வட்டி இவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். யார் தாமதத்தால் வந்தது என்று கேள்வி வரும்.

அடுத்து, கடன் பணம் எங்கே போயிற்று என்று பாருங்கள். பணம் வரவான நாளிலிருந்து முதல் பத்து நாள் ஸ்டேட்மென்டில் அது தெரியும். முழுவதும் அவர் தொழிலுக்கோ, அவர் பெயரில் உள்ள சொத்துக்கோ போனது தெளிவாகத் தெரிந்தால், சரிபாதிக்கு மேல் கேட்க வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் மூன்றரை லட்சம் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதிக்கவும், ஓடு மாற்றவும் போனது. ரசீதே இருந்தது. மீதி இரண்டரை லட்சம் ரொக்கமாக எடுத்தது, எதற்கென்று இருவராலும் சொல்ல முடியவில்லை. நான் பாதியோடு நின்றேன். கூடக் கேட்டிருந்தால் வழக்கு நீண்டிருக்குமே தவிர, கைக்கு வருவது கூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

5. நாள் கணக்கு

கால வரம்புச் சட்டம் 1963-இன்படி இந்த வகைப் பணத்துக்கு 3 ஆண்டுதான். எந்த நாளிலிருந்து என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. நீங்கள் வாதத்தை நம்பாமல், ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கட்டிய 38 மாதத்தில், கடன் முடியட்டும் என்று காத்திருந்தால், கடைசித் தவணை கட்டும் நாளில் முதல் தவணைக்கு 3 ஆண்டு தாண்டியிருக்கும்.

நோட்டீஸ் அனுப்பினால் காலம் நிற்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகவும் நிற்காது. காலத்தைப் புதிதாகத் தொடங்கி வைப்பது, 3 ஆண்டு முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிப் போடும் கையெழுத்து. இல்லையென்றால் பகுதிப் பணம் கட்டி அதற்கு எழுத்தில் அடையாளம் இருக்க வேண்டும். காலம் முடிந்த பிறகும் “தருகிறேன்” என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25-ஆவது பிரிவில் உயிர் வரும். ஆனால் அந்த நிலைக்கு விட்ட பிறகு யார் எழுதித் தருவார்?

6. முதலில் கடிதம், அப்புறம் பேச்சு

எல்லோரும் இதைத் திருப்பிப் போடுகிறார்கள். முதலில் சித்தப்பா, அம்மான், கோயில் பெரியவர் என்று பேச வைக்கிறார்கள். பேச்சு முறிந்ததும் கடிதம் எழுதுகிறார்கள். அப்போது கடிதம் சண்டைக் கடிதமாகத்தான் இருக்கும். கடிதத்தை முதலில் அனுப்பினால், பேச உட்காருபவர்கள் முன்னால் ஒரு எண் இருக்கும்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

“நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய கடனுக்கு இன்று வரை 36 தவணை போயிருக்கிறது. நீங்கள் கட்டியது 13, நான் கட்டியது 23. உங்கள் பங்கில் 5 தவணை, அதாவது 66,735 ரூபாய் நிலுவை. இனி வரும் 24 தவணையிலும் பாதி உங்களுடையது. 30 நாளுக்குள் நிலுவையைக் கட்டாவிட்டால், இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கோருவேன். கணக்கு இணைப்பில்.”

வட்டி வரி ஏன் முக்கியம் என்றால், உங்களுக்குள் வட்டி ஒப்பந்தம் எதுவும் இல்லை. வட்டிச் சட்டம் 1978-இன்படி, வட்டி கோருவேன் என்று எழுத்தில் அறிவித்த பிறகுதான் வழக்குப் போடும் நாள் வரையிலான வட்டியைக் கேட்க வழி பிறக்கிறது. அந்த வரி இல்லாத கடிதம் அந்த அளவுக்கு வீண்.

திட்டு, பழங்கதை, ‘போலீசுக்குப் போவேன்’ எதுவும் வேண்டாம். அந்தக் கடிதத்தை ஒருநாள் நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் வரும். “இப்ப முடியாது, தை பொறக்கட்டும்” என்று எனக்கு வந்த பதில் பின்னால் மிகவும் உதவியது.

ஆனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் சேர வேண்டும். அது வரை அந்தப் போனை விற்காதீர்கள், அழித்துப் புதிதாக்காதீர்கள்.

பிறகு பேச்சு. அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்தோம். பேசி ஒப்புக்கொண்ட கணக்கை எழுதிய தாளை நீட்டினேன். அவருடைய சித்தப்பா, “என்னம்மா, வீட்டு விஷயத்துக்குக் கடுதாசி எதுக்கு?” என்றார். “மாமா, நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். மறந்துடக் கூடாதுல்ல” என்றேன். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. வட்டிக்கடைக் கணக்குப் பார்த்த மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தார். “கணக்கு சரியாத்தான் இருக்கு, போடு கையெழுத்தை” என்று அவரே சொன்னார். தேதியோடு கணவர் கையெழுத்து, சாட்சியாகச் சித்தப்பா கையெழுத்து. பணம் அன்று ஒரு காசு வரவில்லை. ஆனால் என் 3 ஆண்டு அன்றைக்குப் புதிதாகத் தொடங்கியது.

7. விவாகரத்து மனுவில் ஒரு வரி

பரஸ்பர விவாகரத்து என்றால் இதை இருமுறை படியுங்கள். பழகிய மனு மாதிரிகளில், “இனி ஒருவர் மீது ஒருவருக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி தன்னால் வந்து உட்கார்ந்துவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று கையெழுத்துப் போட்டால், கடன் பங்கு கேட்கும்போது அந்த வரியைத்தான் உங்கள் முன் நீட்டுவார்கள். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று லட்சத்துக்கு மேல். அவனுக்கு என்னால் எந்த வழியும் சொல்ல முடியவில்லை.

கடன் எண், நிலுவை, யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மனுவிலேயே எழுதுங்கள். அப்போது முடியாவிட்டால், “மேற்படி கடன் பங்கு நீங்கலாக” என்ற மூன்று நான்கு சொற்களாவது சேருங்கள்.

8. வக்கீல் நோட்டீஸ்

கடிதத்துக்குப் பலன் இல்லாவிட்டால் இது. உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணும் நோட்டீஸ் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் கட்டிய தவணையைச் சேர்த்தால், சேர்த்ததைத் தனியே காட்டச் சொல்லுங்கள். வக்கீல் ‘மன உளைச்சலுக்கு 5 லட்சம்’ என்று சேர்க்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மிகைத் தொகை மற்றதையும் சந்தேகப்பட வைக்கும்.

பதில் நோட்டீஸில் எதிர்க்கணக்கு வரும். எனக்கு வந்தது, என் தம்பி கல்யாணத்துக்கு அவர் கொடுத்த 40 ஆயிரம். அது கடனா, செய்முறையா? எங்கள் வீட்டு மொய் நோட்டில் அவர் பெயரில் எழுதியிருந்தது. செய்முறைதான். நம் ஊர் மொய் நோட்டு இப்படியெல்லாம் பயன்படும் என்று அம்மா நினைத்திருக்க மாட்டார். எதிர்க்கணக்கு வரும் என்று தெரிந்தே அதற்கான தாளைத் தேடி வையுங்கள்.

9. வழக்குக்கு முன் மக்கள் நீதிமன்றம்

நீதிமன்ற வளாகத்தில், மக்கள் நீதிமன்றத்தை நடத்தும் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். வழக்குப் போடாமலே அங்கே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அங்கே சமரசமாக முடிவானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அவர் வராவிட்டாலோ ஒத்துவராவிட்டாலோ ஒன்றும் நடக்காது, திரும்பி வர வேண்டியதுதான். 3 ஆண்டுக் கெடு எப்போது முடிகிறது என்பதை மறக்காமல் பார்த்துக்கொண்டு போங்கள்.

கடன் முடிந்த கையோடு நான் அங்கே போனேன். 2,26,899-இல் தொடங்கி 2 லட்சத்தில் முடிந்தது, மாதம் 20 ஆயிரம் வீதம் 10 மாதம். 26,899 ரூபாயும் வட்டியும் விட்டேன். வயிறு எரிந்தது உண்மை. ஆனால் “ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே வட்டியோடு” என்ற வரியை விடாமல் எழுத வைத்தேன். அந்த வரி இல்லாமல் தவணை முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காம் மாதம் தாமதமானபோது அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினேன், மறுநாள் பணம் வந்தது.

10. வழக்கு

எந்த நீதிமன்றம் என்பதில் இரண்டு சிக்கல். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து, பண விவகாரம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது. மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்றால் சாதாரண சிவில் நீதிமன்றம். அடுத்தது எல்லை. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கையில். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி புதுக்கோட்டையில். சிவில் வழக்கு என்றால் அவர் குடியிருக்கும் இடத்திலோ, விவகாரம் எழுந்த இடத்திலோ போடலாம். வங்கிக் கிளை இருக்கும் ஊரைக் காரணமாகக் காட்ட முடியுமா என்று வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்.

சிவில் நீதிமன்றத்தில் பணம் கோரும் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். என் தொகைக்கு அது ஏறக்குறைய 6,800 ரூபாய் ஆகியிருக்கும். வழக்கின் நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

11. தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால்

தீர்ப்பை 12 ஆண்டுக்குள் நிறைவேற்ற மனுப் போடலாம். சம்பளக்காரர் என்றால் சம்பளப் பிடித்தம்தான் நல்ல வழி. முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 40 ஆயிரம் சம்பளம் என்றால் மாதம் 13 ஆயிரம் வரை பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், போதுமா என்று.

“அவருக்குப் பெரிய வீட்டில் பங்கு இருக்கே, அதை ஜப்தி பண்ணலாமே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். பண்ணலாம். ஆனால் பாகம் பிரிக்காத வளவில் (பரம்பரைப் பெரிய வீட்டில்) 24-இல் ஒரு பங்கை யார் ஏலத்தில் எடுப்பார்? அது பயமுறுத்த உதவும், பணமாகாது. வங்கி வைப்பு, வண்டி, தனிப்பெயர் மனை இவற்றை முதலில் தேடுங்கள்.

12. பணம் வந்த பிறகு

ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. ரொக்கமாக வாங்காதீர்கள்.

வங்கியில் ‘கடன் பாக்கி இல்லை’ சான்றிதழ் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் உங்கள் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொன்றிலும் இலவசம். எனக்கு மூன்றில் கடன் முடிந்ததாகவும், ஒன்றில் இன்னும் நடப்பில் இருப்பதாகவும் காட்டியது. சான்றிதழை இணைத்து ஆட்சேபம் போட்ட பிறகு அதுவும் திருந்தியது.